பழைய எண்ணெய் எங்கே போகிறது?

பால்மரம் வெட்டும் தோழனுக்குக் கத்தியும் வாளியும் எப்படியோ, அப்படியே இன்றியமையாத உடைமையாகிவிட்டது மோட்டார் சைக்கிள். விடியுமுன் நிரைக்குப் போக, பாலை ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்க, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட, நோயென்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட, எல்லாவற்றுக்கும் அதுவே துணை. கிராணிமார்களில் பலர் சிறு கார் வைத்திருக்கிறார்கள். இந்த வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றும் வேலையைப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலிலேயே செய்துகொள்வோர் நம்மிடையே ஏராளம்.

இது நல்ல பழக்கம் என்பதே நமது கருத்து. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அரிசிக்கும், மின்சாரத்துக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் போக அதில் என்ன மிஞ்சும் என்பதை நமக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. தன் கையால் முடியும் வேலைக்குப் பிறர் கையில் கூலி கொடுக்காமல் இருப்பது சிக்கனம். தன் வண்டியின் உள்வாயை அறிந்து வைத்திருப்பது அறிவு. சிக்கனத்தையும் அறிவையும் நாம் என்றும் குறை சொல்லமாட்டோம்.

ஆனால், இன்று நாம் பேச வந்தது அந்த வேலையின் பிற்பாதியைப் பற்றி. எந்த எண்ணெய் நல்லது, என்ன விலை, எத்தனை மைல் தாங்கும் என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். வடித்தெடுத்த பழைய எண்ணெய் எங்கே போயிற்று என்று கேட்டால் மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. "கால்வாயில்தான்" என்கிறார் ஒருவர். "வேலியோரம் புல் சாகட்டும் என்று ஊற்றினேன்" என்கிறார் இன்னொருவர். "கறையானுக்கு நல்லது" என்கிறார் மற்றொருவர். புதிய எண்ணெயை வண்டியில் ஊற்றி மூடியைத் திருகியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். பழைய எண்ணெய் உரிய இடத்தில் சேரும்வரை அந்த வேலை முடியவில்லை என்பதுதான் நாம் இங்கே வற்புறுத்த விரும்புவது.

கறுப்பு நீரும் கறுப்பெண்ணெயும்

பினாங்குத் தீவின் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கிறது ஆயர் ஈத்தாம். கெக் லோக் சி கோயிலைப் பார்க்கப் போனவர்களும், 1923இல் ஓடத் தொடங்கிய பினாங்கு மலை ரயிலில் ஏறியவர்களும் அவ்வூரை நன்கு அறிவார்கள். மலாய் மொழியில் ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்பு நீர். மலாய்க்காரத் தோழர்கள் எஞ்சின் எண்ணெயை மின்யாக் ஈத்தாம், அதாவது கறுப்பெண்ணெய் என்கிறார்கள். நம்மவர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். ஊருக்குப் பெயர் வந்தது ஏதோ ஒரு காலத்தில். அந்தப் பெயரை நம் கையால் மெய்யாக்கிவிடக் கூடாது என்பதே நமது கவலை.

அவ்வூரை உதாரணமாக எடுக்கக் காரணம் உண்டு. தோட்டமாக இருந்த இடம் அடுக்குமாடி வீடுகளாக மாறிய கதையை அங்கே கண்ணெதிரே காணலாம். இன்று ஃபார்லிம் என்று வழங்கும் குடியிருப்புப் பகுதி, முன்னாளில் தியான் தெயிக் எஸ்டேட் என்ற தோட்ட நிலம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், லயத்தை விட்டு நகரத்துக்குப் பெயர்ந்த நம் குடும்பங்களும் நாடெங்கும் இப்படிப்பட்ட அடுக்குமாடிகளில்தான் குடியேறின. தோட்டத்தில் வீட்டு வாசலில் மண் இருந்தது. அடுக்குமாடியின் கீழே சிமெண்டுத் தரையும், அதை ஒட்டி ஒரு கால்வாயும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சிமெண்டுத் தரையில்தான் எண்ணெய் மாற்றப்படுகிறது. கால்வாயோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அந்தக் கால்வாய் எங்கே போகிறது? இதைப் பலர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக் கழிவறைத் தண்ணீர் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர்க் கால்வாய்க்கு அந்தப் பாதை கிடையாது. அதில் விழுவது எதுவோ அதுவே ஆற்றில் போய் விழும். ஆயர் ஈத்தாமில் விழுவது சுங்கை ஆயர் ஈத்தாமில் கலந்து, பிறகு சுங்கை பினாங்கில் சேர்ந்து, ஜார்ஜ் டவுன் நகரத்தைக் கடந்து கடலுக்குப் போகிறது. சுங்கை பினாங்கு நெடுங்காலமாக அசுத்தத்துக்குப் பேர்போன ஆறு. அதைத் துப்புரவு செய்ய அரசாங்கம் செலவு செய்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் பொதுப்பணத்தில் ஆற்றைக் கழுவுவதும், மறுபக்கம் அதே ஆற்றில் கறுப்பெண்ணெய் ஊற்றுவதும் எந்த ஊர் நியாயம்?

"ஆயர் ஈத்தாமில் அணைக்கட்டு இருக்கிறதே, அந்தக் குடிநீர் கெட்டுவிடுமா?" என்று சிலர் கேட்கலாம். உண்மையை உள்ளபடி சொல்வோம். 1962இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைக்கட்டு மேலே மலையில் இருக்கிறது. அடுக்குமாடிகள் கீழே இருக்கின்றன. கீழே ஊற்றிய எண்ணெய் மேலே ஏறாது. பினாங்கு மாநிலத்துக் குடிநீரில் 80 சதவீதத்துக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. ஆகவே ஃபார்லிமில் ஊற்றியது ஃபார்லிம் குழாயில் திரும்பி வராது. ஆனால் சுங்கை மூடாவின் கரையிலும், அதில் சேரும் சிற்றாறுகளின் கரையிலும் தோட்டங்களும் கம்பங்களும் இருக்கின்றனவே! அங்கே இருப்பவரும் "கீழே இருப்பவனுக்குத்தானே போகிறது" என்று நினைத்தால் பினாங்குவாசியின் கதி என்ன? அங்குள்ளவன் நமக்காக ஒதுங்கி நடக்க வேண்டும் என்று விரும்பும் நாம், சுங்கை பினாங்கின் முகத்துவாரத்தில் வலை போடும் மீனவனுக்காக ஒதுங்கி நடக்க வேண்டாமா?

ஒரு முக்கால் லிட்டர் என்ன செய்துவிடும்?

கப்சாய் வண்டியில் ஒரு தடவை வடிப்பது சுமார் முக்கால் லிட்டர்தான். சிறு காரில் சுமார் 3 லிட்டர். "இவ்வளவு பெரிய ஆற்றுக்கு இது ஒரு பொருட்டா?" என்பது அடுத்த கேள்வி.

அமெரிக்க நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் மக்களுக்குச் சொல்லிவரும் கணக்கு இது: ஒரு தடவை வண்டியிலிருந்து மாற்றிய எண்ணெய், 10 லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்க வல்லது. அமெரிக்கக் காலனை லிட்டராக்கினால் ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர். எண்ணெய் நீரின்மேல் மெல்லிய படலமாய்ப் பரவிக்கொண்டே போவதை மழைக்காலத்துச் சாலையில் நாமே பார்க்கிறோம். எளிதில் மக்கிப் போகாது. அதோடு, எஞ்சினுக்குள் ஓடி வந்த எண்ணெய் வெறும் எண்ணெயாக இருப்பதில்லை. எரிந்த பெட்ரோலின் கரியும், உரசித் தேய்ந்த உலோகத் தூளும் அதில் கலந்திருக்கின்றன. அது கறுப்பாவதே அதனால்தான். எஞ்சினைச் சுத்தமாக வைத்திருப்பதற்காக அந்த அழுக்கையெல்லாம் தன்னுள் வாங்கிக்கொள்வதுதான் நல்ல எண்ணெயின் வேலை. நிறம் கறுத்துவிட்டதால் மட்டும் எண்ணெய் கெட்டது என்று சொல்வதற்கில்லை. மாற்றும் காலத்தை வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆனால் வெளியே எடுத்தபின் அத்தனை அழுக்கையும் நாம் மண்ணில் ஊற்றினால், எஞ்சினைச் சுத்தம் செய்து ஊரை அசுத்தம் செய்தவர்களாவோம்.

ஆற்றில் கழிவு கலந்தால் யார் தவிக்கிறார்கள் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நாடே பார்த்தது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்து சுங்கை கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. அதன் விளைவாக சுங்கை சிலாங்கூர் நீரை எடுக்கும் 4 சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் குழாயில் தண்ணீர் வரவில்லை. வசதி படைத்தவர் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் வாங்கினர். நம்மைப் போன்றவர் வாளியோடு லாரியின் பின்னால் வரிசையில் நின்றனர். அங்கே கலந்தது எஞ்சின் எண்ணெய் அல்ல என்பது உண்மை. ஆனால் ஆறு கெட்டால் முதலில் வரிசையில் நிற்பவன் ஏழைத் தொழிலாளிதான் என்ற பாடம் எல்லாக் கழிவுக்கும் பொருந்தும்.

முதலில் கெடுவது நம் கை

ஆற்றுக்குப் போகுமுன் இந்த எண்ணெய் படுவது நம் கையில். அதைப் பற்றியும் தொழிலாளர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூல் நூற்ற தொழிலாளர்கள், எண்ணெய் தெறிக்கும் இயந்திரத்தின்மேல் நாளெல்லாம் குனிந்து வேலை செய்தார்கள். அவர்களுடைய காற்சட்டை எண்ணெயில் ஊறிக் கிடந்தது. ஆண்டுகள் பல சென்றபின் அவர்களுக்கு மறைவிடத் தோலில் புற்றுநோய் கண்டது. சதாம், வில்சன் என்ற இரு மான்செஸ்டர் மருத்துவர்கள் 1922இல் இதை எடுத்து எழுதினார்கள். இருந்தும், எந்த எண்ணெயை அந்த இயந்திரங்களில் பயன்படுத்தலாம் என்று சட்டம் கட்டளையிட 1953ஆம் ஆண்டு வரை ஆயிற்று. உண்மை தெரிந்த பிறகும் 31 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தொழிலாளர் குடும்பங்கள் அழுதிருக்கும்!

மாதம் ஒரு தடவை எண்ணெய் மாற்றுகிறவனை அந்தத் தொழிலாளிக்குச் சமமாக வைத்து நாம் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் பழைய எஞ்சின் எண்ணெய் திரும்பத் திரும்ப நெடுநாள் தோலில் பட்டால் தோல் புற்றுநோய் வரக்கூடும் என்று வண்டி செய்கிற கம்பெனிகளே தங்கள் கையேட்டில் எச்சரித்திருக்கின்றன. நண்பர்கள் பத்துப் பேர் வண்டிக்கும் தானே எண்ணெய் மாற்றிக் கொடுக்கும் கைகாரர் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார். அவர் கையுறை போடுவதில்லை. எண்ணெய்த் துணியைக் காற்சட்டைப் பையில் செருகிக்கொள்கிறார். கையைப் பெட்ரோலில் கழுவுகிறார். இந்த மூன்றும் கூடாது. பெட்ரோல் தோலின் இயற்கைப் பசையை எடுத்துவிட்டு, அழுக்கு உள்ளே போக வழி திறந்துவிடும். கொஞ்சம் சமையல் எண்ணெயைக் கையில் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினால் கறை நீங்கிவிடும்.

கையுறை விஷயத்தில் ரப்பர்த் தொழிலாளிகளாகிய நாம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மரத்துப் பாலில் செய்த கையுறை எல்லாவற்றுக்கும் உகந்தது என்று பெருமை கொள்ள ஆசைதான். ஆனால் இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறி உப்பிப் பலமிழந்துவிடும். இந்த வேலைக்கு நைட்ரைல் கையுறைதான் வேண்டும். அதே காரணத்தால், பால் வாளியிலோ பால் எடுக்கும் கலனிலோ ஒருபோதும் பழைய எண்ணெயைப் பிடிக்காதீர்கள். பிறகு அதில் எடுக்கும் பால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொல்லப்படும் சமாதானங்கள்

"அந்தக் காலத்தில் கொசுவை ஒழிக்கத் தோட்டத்துக் கால்வாய்களில் துரைமார்களே எண்ணெய் தெளிக்கச் சொன்னார்களே!" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. மெய்தான். மலேரியாக் காய்ச்சல் நம் மக்களை வாரிக்கொண்டு போன காலத்தில் அந்த முறை இருந்தது. கொசுப் புழு மூச்சுவிட முடியாதபடி நீரின்மேல் மெல்லிய படலம் பரப்ப அதற்கென்று எடுத்த எண்ணெயைத் தெளித்தார்கள். எஞ்சினுக்குள் எரிந்து, உலோகம் கலந்த எண்ணெய் வேறு. இன்று கொசுப் புழுவைக் கொல்ல அபேட் மருந்து இருக்கிறது. தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட நம் கையும் இருக்கிறது.

கறையானுக்கு ஊற்றுகிறவருக்கும், புல்லுக்கு ஊற்றுகிறவருக்கும் ஒரு வார்த்தை. ஊற்றிய இடத்தில் எண்ணெய் நின்றுவிடுவதில்லை. மழை பெய்யும், மண்ணோடு கரைந்து ஓடும். பினாங்கில் பெய்கிற மழையைப் பற்றி நாம் சொல்லவா வேண்டும்! பக்கத்திலேயே கீரைப் பாத்தி போட்டிருப்போம், பிள்ளைகள் விளையாடும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்துகிறவர், அந்த உலோகத் தூளைப் புகையாக்கித் தாமும் சுவாசித்து அடுத்த வீட்டாரையும் சுவாசிக்க வைக்கிறார்.

மூன்றாவதாக ஒரு சாரார், "இத்தனை தொல்லை எதற்கு? பட்டறைக்கே போய்விட வேண்டியதுதானே" என்கிறார்கள். வசதியுள்ளவர் போகட்டும். ஆனால் ஏழையின் கையிலுள்ள ஒரு திறமையைப் பிடுங்கிவிட்டுத்தான் ஆற்றைக் காப்பாற்ற முடியும் என்பதை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். சுத்தமாகச் செய்யும் முறை இருக்கிறது. அது அசுத்தமாகச் செய்வதைவிடச் சுலபமாகவும் இருக்கிறது. அதைத்தான் கீழே சொல்லப் போகிறோம்.

கப்சாய் வண்டிக்கு

கப்சாய்க்கும் பினாங்குக்கும் உள்ள உறவு பழையது. பட்டறை வேலையாளாக வாழ்க்கையைத் தொடங்கிய பினாங்குவாசி லோ பூன் சியூ, 1958இல் ஹோண்டா மோட்டார் சைக்கிளை மலாயாவுக்குக் கொண்டுவரும் உரிமையைப் பெற்றார். ஹோண்டா கப் என்ற அந்தச் சின்ன வண்டிதான் நம் நாக்கில் கப்சாய் ஆயிற்று. அதன் எஞ்சின் எளிமையானது. எண்ணெய் வடிக்க அடியில் ஒரு போல்ட்டு. பல கப்சாய்களில் காகித வடிகட்டி கிடையாது. உள்ளே ஒரு கம்பிவலைச் சல்லடை மட்டுமே.

வேலைக்கு வேண்டிய தட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். சமையல் எண்ணெய் வரும் 5 கிலோ பிளாஸ்டிக் கலன் ஒன்றைப் படுக்க வைத்து, மேற்பக்கத்தில் மட்டும் ஒரு சன்னல் போல வெட்டி எடுங்கள். மூடியைத் திருகியே வைத்திருங்கள். படுத்த நிலையில் அது தட்டு. வடித்து முடிந்ததும் மூடியைத் திறந்தால் அதுவே புனல். ஒரு துளி சிந்தாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம்.

வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அடியில் பழைய செய்தித்தாளை நாலைந்து மடிப்பாக விரியுங்கள். எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, கை சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். இளஞ்சூடான எண்ணெய் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு முழுமையாக இறங்கும். அடி போல்ட்டைக் கழற்றுமுன் மேலே எண்ணெய் ஊற்றும் மூடி கழன்று வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற முடியாமல் விழிப்பவர்களும் உண்டு.

போல்ட்டுக்குச் சரியான அளவுள்ள வளைய ஸ்பேனரைப் போடுங்கள். அளவை மாற்றிக்கொள்ளும் ஸ்பேனர் போல்ட்டின் மூலையை மழுக்கிவிடும். இளகியதும், கையுறை போட்ட விரலால் போல்ட்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருகுங்கள். கடைசி மரை விட்டதும் சட்டென்று பக்கவாட்டில் எடுத்தால் எண்ணெய் கைமேல் வழியாது. எண்ணெய் எஞ்சின் அடியில் தவழ்ந்து அங்குமிங்கும் சொட்டுகிறதா? பால் வழி தவறாமல் மங்கில் விழ மரத்தில் சின்னத் தகரத்தைச் செருகுகிறோமே, அதே தந்திரம்தான். ஒரு பழைய பிளாஸ்டிக் போத்தலிலிருந்து வெட்டிய துண்டை வளைத்துத் தாரை போலப் பிடித்தால், எண்ணெய் நேரே தட்டில் விழும். ஒழுகும் ஒன்றை ஒரு துளி வீணாகாமல் வழிநடத்தும் வித்தையை நமக்கு வேறு யார் கற்பிக்க முடியும்?

கால் மணி நேரம் சொட்டட்டும். போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். அதன் விலை சில காசுதான். போல்ட்டை முதலில் விரலாலேயே திருகி, பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். எஞ்சினின் அந்தப் பகுதி அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை அறுந்துவிடும். மிச்சம் பிடித்த கூலியைப்போலப் பல மடங்கு செலவு வரும்.

புதிய எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். போத்தலில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா பாருங்கள். ஜப்பானியர் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கு வகுத்த தரம் அது. வழவழப்பு மருந்து கூடுதலாகச் சேர்த்த சில கார் எண்ணெய்களை ஊற்றினால், எண்ணெயிலேயே மூழ்கி வேலை செய்யும் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

இப்போது முக்கியமான கட்டம். புதிய எண்ணெய் வந்த போத்தல் காலியாகி நிற்கிறது. பழைய எண்ணெய்க்கு அதுவே வீடு! ஒரு லிட்டர்ப் போத்தலில் முக்கால் லிட்டர் பழைய எண்ணெய் தாராளமாக அடங்கும். மூடியை இறுக்கி, "பழைய எண்ணெய்" என்று எழுதி ஒட்டி, குழந்தைகள் எட்டாத, அடுப்புக்குத் தூரமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். குடிநீர்ப் போத்தலில் மட்டும் ஊற்றவே வேண்டாம். அதில் பெட்ரோல், பிரேக் எண்ணெய், ரேடியேட்டர்த் தண்ணீர் எதையும் கலக்கவும் வேண்டாம். கலந்தால், மறுபடி சுத்திகரித்துப் பயன்படுத்தக்கூடிய எண்ணெய் வெறும் விஷக் கழிவாகிவிடும்.

சிந்திவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கால்வாய்க்குத் தள்ளாதீர்கள். மரத்தூளோ மணலோ தூவி, சற்று நேரம் ஊறவிட்டு, கூட்டி அள்ளிப் பையில் கட்டுங்கள்.

கார் வைத்திருக்கும் கிராணிமார்களுக்கு

காரின் அடியில் படுத்து எண்ணெய் மாற்றுவது அழுக்கு வேலை மட்டுமல்ல, ஆபத்தான வேலையும் கூட. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருவரும் தலையை நீட்டக் கூடாது. ஜாக்கி சறுக்கினால் தப்ப வழியில்லை. கனமான தாங்கிகளை வைத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

அதைவிட நல்ல வழி, அடியில் போகாமலே வேலையை முடிப்பது. மீன்பிடிப் படகுகளைக் கவனியுங்கள். எஞ்சினுக்கு அடியில் கை நுழையாது. ஆகவே எண்ணெய் அளக்கும் கம்பி இறங்கும் குழாயில் மெல்லிய குழாயை விட்டு, பம்பால் எண்ணெயை உறிஞ்சி எடுப்பது படகில் வழக்கம். அதே கைப்பம்ப் பெரும்பாலான கார்களுக்கும் உதவும். இளஞ்சூட்டில் உறிஞ்சினால் எண்ணெய் நேரே மூடிய கலனுக்குள் போய்ச் சேரும். தரையில் துளி விழாது. உடையில் கறை படாது. அடியில் தங்கும் கசடு முழுதும் வராது என்பது இதன் குறை. அதனால் இடையிடையே ஒரு தடவை போல்ட்டைக் கழற்றியும் வடிக்க வேண்டும். போல்ட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் சிறு திருகுக் குழாயும் கடைகளில் கிடைக்கிறது. தார் ரோட்டில் ஓடும் காருக்கு அது வசதி. கல்லும் வேரும் நிறைந்த தோட்டப் பாதையில் ஓடும் கப்சாய்க்கு நாம் அதைச் சிபாரிசு செய்யமாட்டோம். கல்லில் அடிபட்டால் நடுக்காட்டில் எண்ணெய் முழுதும் கொட்டிப்போகும்.

காரின் வடிகட்டியைக் கழற்றும்போது ஒரு பிளாஸ்டிக் பையை அதன்மேல் மாட்டிக்கொண்டு, பைக்கு வெளியிலிருந்தே திருகுங்கள். வழியும் எண்ணெய் பைக்குள் தங்கும். பழைய ரப்பர் வளையம் வடிகட்டியோடு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே புதியதைப் பொருத்துங்கள். பழைய வடிகட்டியைக் கவிழ்த்து வைத்து 12 மணி நேரம் வடியவிட்டால், அதில் தங்கிய எண்ணெயும் கலனுக்கு வந்துவிடும்.

பம்புக்குப் பணம் எங்கே என்று கேட்கிறீர்களா? 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டமே வாங்கியவர்கள் நம் தொழிலாளர்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கப்பட்டதுதான். தோட்டம் வாங்கிய கைகளுக்குப் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு பம்ப் வாங்குவதா பெரிது?

நிர்வாகமும் மாநகர் மன்றமும் செய்ய வேண்டியது

இனி, போத்தலில் அடைத்த எண்ணெயை எங்கே கொடுப்பது என்ற கேள்வி. எண்ணெய் விற்ற பட்டறையிலோ, வழக்கமாகப் போகும் பட்டறையிலோ கேளுங்கள். பட்டறைகள் தங்கள் பழைய எண்ணெயை டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கின்றன. அந்த எண்ணெய்க்கு விலை உண்டு. சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். நம் முக்கால் லிட்டரையும் அதில் ஊற்றிக்கொள்ள நல்ல பட்டறைக்காரர் மறுக்கமாட்டார்.

ஆனால் தொழிலாளியின் தலையில் மட்டும் இந்தப் பொறுப்பைச் சுமத்திவிட்டு மேலிடத்தார் ஒதுங்கிக்கொள்வதை நாம் ஏற்கமாட்டோம். சட்டம் என்ன சொல்கிறது? 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005இல் வந்த அட்டவணைக் கழிவு விதிகளில், பழைய எஞ்சின் எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணோடு பட்டியலில் இருக்கிறது. தொழில் நடத்துவோர் அதற்குப் பெயரெழுதி ஒட்டி, முறையாகச் சேமித்து, 180 நாளுக்கு மேல் தேக்கி வைக்காமல், அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். தோட்டத்தில் டிராக்டர் ஓடுகிறது, லாரி ஓடுகிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது. இவற்றிலிருந்து வடியும் எண்ணெய்க்குத் தோட்ட நிர்வாகம் இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் தொழிலாளி கொண்டுவரும் ஒரு லிட்டர்ப் போத்தலையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், பெரட்டு முடிந்ததும் அரை மணி நேரம் போதும். நிர்வாகத்துக்கு இதனால் நட்டமில்லை. தோட்டத்து ஓடை சுத்தமாக இருப்பதில் நிர்வாகத்துக்கும் பங்குண்டு.

இதே கோரிக்கையை அடுக்குமாடி நிர்வாகங்களுக்கும் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கும் வைக்கிறோம். ஆயர் ஈத்தாமைப் போலக் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடங்களில், கூரைக்குக் கீழே, கசிந்தால் தாங்கும் தட்டின்மேல், மூடியும் புனலும் உள்ள ஒரு டிரம்மை எங்கெல்லாம் இல்லையோ அங்கெல்லாம் வையுங்கள். அதன்மேல் நாலு மொழியிலும் எழுதுங்கள். வாகன நிறுத்துமிடத்தில் எண்ணெய் மாற்றக் கூடாது என்று விதி போட்டிருக்கும் குடியிருப்புகள், வெறும் தடையோடு நிற்காமல் ஒரு மூலையை அதற்கென ஒதுக்கட்டும். தடை போட்டால் வேலை இருட்டில் நடக்கும். இருட்டில் நடந்தால் எண்ணெய் கால்வாய்க்குப் போகும்.

சங்கக் கிளைத் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். கைதேர்ந்த ஒருவரைக் கொண்டு, வண்டி வைத்திருக்கும் ஆண் பெண் எல்லோர் முன்னிலையிலும் ஒரு கப்சாய்க்கு எண்ணெய் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். அருகில் வசிக்கும் இந்தோனேசிய, வங்காளத் தோழர்களையும் அழையுங்கள். அவர்கள் வண்டியிலிருந்து வடிவதும் அதே கறுப்பெண்ணெய்தான். சேருவதும் அதே ஓடைதான்.

தோழர்களே! சொந்தக் கையால் சொந்த வண்டியைப் பராமரிப்பது தொழிலாளிக்குப் பெருமை. அந்தப் பெருமையில் கறை படியாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமை. இந்த மாதம் எண்ணெய் மாற்றும்போது, காலியான போத்தலை எறியுமுன் ஒரு கணம் நில்லுங்கள். பழையதை அதில் ஊற்றி மூடுங்கள். ஒரு லிட்டர்ப் போத்தல்தான். அதைத் தூக்கிக்கொண்டு பட்டறை வரை போக வண்டியும் இருக்கிறது, புதிய எண்ணெயும் அதில் இருக்கிறது!